ஆயுத பூஜையன்று நிறுத்திய கம்ப்யூட்டர்

பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, எல்லோரும் புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்ததிலிருந்து எனக்குப் போன் அதிகம் வருகிறது. நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, குனிந்து செய்கிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் திருச்செங்கோட்டில் நான் இருந்த கடையை இப்போது நடத்துகிறவர்கள், மாற்றும்போது பாதியில் நின்றுபோன கம்ப்யூட்டர் ஏதாவது வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். "அண்ணா, வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது, என்ன பண்ணட்டுங்க?" என்பார்கள். "மொதல்ல ஒண்ணும் பண்ணாதீங்க" என்பேன். அது கடை முதலாளி ஜமால் பாய் எனக்குச் சொன்னது.

பாயைப் பற்றி எழுதித் தரும்படி அவர்கள்தான் கேட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அதனால் ஒப்புக்கொண்டேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதன் பிறகு குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை, அங்கிருந்து ஒரு டி.வி. ரிப்பேர் கடை. டி.வி. ரிப்பேர் குறைந்தபோது, சேலத்திலிருந்து வந்து திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டிருந்த ஜமால் பாயிடம் சேர்ந்தேன். பற்றவைக்கத் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. திரையில் வரும் வாசகங்களை அவற்றின் உருவத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். நீலத் திரையில் மூன்று வரி வந்தால் இது, கறுப்பில் இடது மூலையில் ஒரு கோடு மட்டும் துடித்தால் இது, என்று. புதிதாக ஒன்று வந்தால் பாயைக் கூப்பிடுவேன். அவர் ஒரு தடவை படித்துச் சொன்னால் போதும், மறுபடி கேட்கமாட்டேன்.

பாய் சன்னமான குரலில் பேசுவார். கம்ப்யூட்டர் பொட்டியைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் முதலில் அவர்களை உட்கார வைப்பார். பொட்டியைத் திறக்க மாட்டார், சுவிட்சைத் தட்ட மாட்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்பார். கடைசியாகத் திரையில் என்ன பார்த்தீர்கள்? உள்ளே உங்களுக்கு வேண்டியது என்ன இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் "ஒண்ணுமில்லைங்க" என்றுதான் பதில் வரும். பாய் அதை நம்பமாட்டார். "ஃபோட்டோ?" என்பார். "கல்யாண வீடியோ? புள்ளைங்க சர்டிபிகேட்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஏதோ ஒன்றைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் மாறும். அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பொட்டியைத் தள்ளுவார்.

அதன் பிறகு என் வேலை. டிஸ்கைக் கழற்றி, கடையின் மிஷினில் மாட்டி, முழுதாக ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். எது செய்தாலும் நகலில்தான். கழற்றிய ஸ்க்ரூக்களை அந்தந்த ஓட்டை இருக்கும் வரிசையிலேயே ஒரு காந்தத் தட்டில் ஒட்டி வைக்க வேண்டும். நகல் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்கின் சத்தத்தைக் கேட்க வேண்டும். டக், டக் என்று தட்டினால் உடனே நிறுத்த வேண்டும். இதில் எதைத் தவறவிட்டாலும் பாய் திட்டமாட்டார். அந்த வேலையை என் கையிலிருந்து வாங்கி அவரே முதலிலிருந்து செய்வார். அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. யாரால் கெட்டது என்பதைச் சொல்லவே மாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். போர்வெல் போடுகிற ரிக் வண்டிக் கணக்கெல்லாம் இருந்த கம்ப்யூட்டர். குப்பை என்று நினைத்து அந்த அம்மாள்தான் அழித்திருந்தார். பாய் சாதாரணமாக, "யாரோ டெலிட் கொடுத்திருக்காங்க" என்றார். அந்த ஆள் கடையிலேயே, எங்கள் முன்னாலேயே, பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்தான். பாய் எழுந்து நடுவில் போய் நின்றார். அன்றைக்கு அவர் மதியம் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு டிஸ்கில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார். "ஏனுங்க போச்சு?" என்று கேட்டால், "மிஷின்தானே" என்பார்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை முடிந்த வாரம் கடையில் கால் வைக்க இடமிருக்காது. கம்ப்யூட்டரை ஈரத்துணியால் துடைத்திருப்பார்கள். கீ போர்டில் சந்தனம் காய்ந்து எழுத்து அமுங்காது. ஃபேனுக்குள் குங்குமம். ஒரு தடவை சி.டி. போடுகிற தட்டிலிருந்து ஒரு கைப்பிடிப் பொரி கொட்டியது. "சாமிக்கு வெச்சது, சாப்புடு மணி" என்றார் பாய். இன்னொன்றும் உண்டு. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது, அது ஓடவும் கூடாது. அரிவாள், மோட்டார் சாவி, மொபெட், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் அதுதான். கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை.

அப்படி ஒரு வாரத்தில்தான் மல்லசமுத்திரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாவாயம்மா வந்தார். கூடவே மகன் கோகுல். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆபீசில் வேலை பார்த்தான். பொட்டியை அவன்தான் தூக்கிவந்தான். அதன் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

பாய் உட்காரச் சொன்னார். பாவாயம்மா உட்காரவில்லை.

"நாந்தானுங்க நிறுத்துனேன்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். பூஜையன்று காலையில் கோகுல் புது சிஸ்டத்துக்கு மாற்றப் போட்டுவிட்டு, பூவும் பூசணிக்காயும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறான். திரையில் வட்டம் சுற்றியது. கீழே இங்கிலீஷில் ஏதோ இருந்தது. அணைக்காதீர்கள் என்பதுதான் அது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பூஜைக்கு நேரமாகிவிட்டது, மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று சுவிட்சை நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்துவிட்டார். மறுநாள் போட்டால் சிஸ்டம் எழவில்லை.

"உள்ளே வேண்டியது என்னம்மா இருக்கு?" என்று பாய் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு குரலு இருக்குதுங்க."

அவர் வீட்டுக்காரர் நல்லமுத்துவுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். இனிப் பேச்சு வராது, வேண்டுமானால் முன்னாலேயே பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அங்கே ஒரு நர்ஸ் சொல்லியிருக்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் மண்டபத்து வாசலில் நின்று ஒவ்வொருவரையும் முறை சொல்லி "வாங்க" என்று கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல் வராவிட்டால் திரும்பிப் போய்விடுகிற ஆள் உண்டு, பல வருடம் பேசாமல் இருக்கிற குடும்பமும் உண்டு. நல்லமுத்து ஆபரேஷனுக்கு முன்னால் சில நாள் சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து, வரப்போகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, முறை சொல்லி, வாங்க சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறார். வாசலில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் அதைப் போடுவதாக ஏற்பாடு. மகளின் போனில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனில் இருந்ததை அழித்துவிட்டார்கள்.

"வேற எங்கயாச்சும் அவர் குரல் இருக்கா?"

"ஒரு சீர் வீடியோவுல இருக்கறாருங்க. மேளச் சத்தத்துல வாய் அசையறதுதான் தெரியுது."

பாய் பொட்டியை என் பக்கம் தள்ளினார். பிறகு, "பொதுவா இப்படி நிறுத்துனா ஃபைல் போகாதும்மா. பார்க்கலாம்" என்றார். பொய்யில்லை. மாற்றும்போது புது சிஸ்டம் பழையதை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தன்னைப் போட்டுக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனால் எழுந்திருக்கத் தெரியாமல் சுற்றும், ஆனால் வீட்டுக்காரர்களின் ஃபோட்டோவும் பாட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த மாதிரி எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் பயமில்லை.

கோகுல் போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அம்மா மூணு நாளாச் சோறு திங்கலைங்கண்ணா. சாமி குத்தம்னு சொல்லிக்கிட்டே இருக்குது" என்றான். வேறு ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி நின்றான். பிறகு போய்விட்டான்.

நகல் எடுத்தேன். டிஸ்க் தட்டவில்லை, சத்தம் சீராக இருந்தது. நகலைத் திறந்தால் ஒன்றுமில்லை. ஃபைல் பெயர்கள் இல்லை, ஃபோல்டர்கள் இல்லை. டிஸ்கில் எழுதியிருப்பதை எண்ணாகவே காட்டுகிற மென்பொருள் ஒன்று பாய் வைத்திருந்தார். அதில் போட்டுப் பார்த்தேன். பூஜ்ஜியம். ஒரு பக்கம் முழுக்கப் பூஜ்ஜியம், அடுத்த பக்கமும் பூஜ்ஜியம். அதைப் படிக்க இங்கிலீஷ் தேவையில்லை. உருட்டிக்கொண்டே போனேன். டிஸ்கில் பாதிக்கும் மேல் தாண்டிய பிறகுதான் வேறு எண்கள் வந்தன.

சுவிட்சை நிறுத்தினால் இப்படி ஆகாது. நிறுத்திய மிஷின் எதையும் எழுதாது. எல்லாவற்றையும் நீக்கு, டிஸ்கை முழுதாகத் துடை என்று யாராவது கேட்டால்தான் அது முன்னாலிருந்து பூஜ்ஜியமாக எழுதிக்கொண்டே வரும். எழாத மிஷினே காட்டுகிற ரிப்பேர் திரையில் அந்த வழி இருக்கிறது. நிஜமாகவா, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்யும். போனில் வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் இரண்டு தடவையும் ஆம் என்று அமுக்கிவிடுவார்கள். இதிலும் அதுதான் நடந்திருந்தது. துடைப்பதும் முடியாமல் நடுவில் யாரோ பயந்துபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டில் அந்தத் திரைவரை போகத் தெரிந்தவன் ஒருவன்தான்.

பாயிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாய், இது கரண்ட் நிறுத்துனதுல வந்தது இல்ல."

"தெரியுது."

"அந்தம்மா தன்னாலதான்னு பட்டினி கிடக்குது."

"நாம பார்த்தது டிஸ்க்கத்தான் மணி. அவங்க வீட்டப் பார்க்கல." கண்ணாடியை இறக்கினார். "மிச்சம் இருக்கறதுல ஏதாவது வருதா தேடு."

தேடினேன். ஒரு ஃபைல் டிஸ்கில் ஒரே இடத்தில் இருப்பதில்லை, இடம் கிடைத்தபடி துண்டு துண்டாக இருக்கும். துடைக்காத பகுதியில் குரல் பதிவின் தலைப்பகுதி ஒன்று அகப்பட்டது. அதன் மிச்சம் பூஜ்ஜியத்துக்குள் போய்விட்டது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. நகலை இன்னொரு தடவை எடுத்தும் பார்த்தேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தோம். பாய் ஜும்மாவுக்குப் போகும்போது, "முன்னாடியே வந்துட்டா உக்கார வை. நான் வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், ஆட்டோ வந்து நின்றது. பாவாயம்மாவும் கோகுலும் இறங்கினார்கள். கழுத்தில் வெள்ளைத்துணி கட்டிய ஒருவர் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். ரோட்டுத் தூசி தொண்டைத் துளையில் போகும் என்று துணியைக் கையால் பிடித்திருந்தார்.

"கெடச்சுதுங்களா?" என்றார் பாவாயம்மா.

பாய் வரட்டும் என்று சொல்ல நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

முதலில் ஒரு பெண்ணின் குரல், "பேசுங்கப்பா" என்றது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒரு கனத்த குரல், கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி: "ஆச்சா கண்ணு? பேசட்டுமா? ஆரை மொதல்ல கூப்புடறது?" அதோடு நின்றுவிட்டது.

பாவாயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, "பொறவு?" என்றார்.

"அவ்வளவுதாங்க."

"வாங்கன்னு சொன்னதெல்லாம்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் தன் வலது கையை மேஜை மேல் வைத்தார். "இந்தக் கைதானுங்க" என்று இடது கையால் அதை அடித்தார். சத்தமில்லாமல், மாவு தட்டுகிற மாதிரி, திரும்பத் திரும்ப. கோகுல் ஷட்டர் பக்கம் நின்று துருவேறி உரிந்த பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நீங்க நிறுத்துனதால இது போகலைங்க" என்றேன்.

கை நின்றது. "பொறவு எதனால போச்சுங்க?"

நான் கீ போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் சுரண்டுவதை நிறுத்திவிட்டான். "அம்மா" என்றான்.

ரோட்டில் ஒரு ரிக் லாரி கடகடத்துக்கொண்டு போனது. பாவாயம்மா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அந்தக் கடைக்கு வந்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

"சாமி, ஒண்ணு செய்யோணும். அவருகிட்ட, நான் நிறுத்துனதாலதான் போச்சுன்னே சொல்லிப்போடுங்க."

"அம்மா..."

"டாக்டரு மறுக்கா கட்டி வந்திருக்குதுன்னு சொல்லிட்டாருங்க. அவரு இருக்கறது இன்னும் எத்தனை நாளைக்கோ. பையன் மேல மனசு கசந்து போகக் கூடாது. நான்னா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து என்னைய வையறாரு. அதுல இதொண்ணு."

"நான் சொல்லிக்கறேன்மா" என்றான் கோகுல்.

"நீ கம்முனு இரு."

ஆட்டோவில் இருந்தவருக்குக் காத்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. அவரே இறங்கி, படியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். உயரமான மனிதர், சட்டை தோளிலிருந்து தொங்கியது. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மூச்சு கழுத்துத் துணி வழியாகச் சீறிக்கொண்டு வந்தது. நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். ஸ்பீக்கரை மறுபடி போட்டேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆரை மொதல்ல கூப்புடறது?" என்று முடிந்த பிறகும் அப்படியே சாய்த்து வைத்திருந்தார். அடுத்தது வரும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, மிச்சம் எங்கே என்பதுபோல விரலைத் திருப்பிக் காட்டினார்.

பாவாயம்மா என்னைப் பார்த்தார். "கரண்ட் நிறுத்துனதுல மிச்சம் அழிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

நல்லமுத்து பெண்டாட்டி பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் குவித்து நெற்றிக்குக் கொண்டுபோனார். பிறகு சுவிட்சைத் தட்டுவதுபோல ஒரு விரலைக் கீழே சொடுக்கினார். பூஜையன்று நிறுத்தித்தானே ஆக வேண்டும் என்கிறார். அப்புறம் விடு என்று கையை வீசினார்.

"வைய மாட்டீங்கறீங்களே" என்றார் பாவாயம்மா. "வையறதுக்கும் குரலு போச்சா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது நிற்கவில்லை. நல்லமுத்துவின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் அவரும் சிரித்தார். கோகுல் வெளியே போய் ஆட்டோவுக்கு அந்தப் பக்கம், எங்களுக்குத் தெரியாத இடத்தில் நின்றுகொண்டான்.

அந்தச் சிறு துண்டை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பாய் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்தார். அந்த நகலை அழித்துவிடும்படி சொல்லிவிட்டு, அடுத்த பொட்டிக்கு உரியவரை உட்காரச் சொன்னார். அதைப் பற்றி எங்களுக்குள் மறுபடி பேச்சு வரவே இல்லை.

இன்றைக்குப் பொட்டிகள் மாறிவிட்டன. டிஸ்க் கழற்றவே வராமல் போர்டிலேயே ஒட்டி வருகிறது. உள்ளே இருப்பது தானாகப் பூட்டிக்கொள்கிறது, சாவி எண் இல்லாமல் நகல் எடுத்தும் பயனில்லை. நான் கற்றதில் பாதி இப்போது உதவாது. பாய் கேட்கிற அந்த இரண்டு கேள்வி மட்டும் உதவும். இரண்டாவதை அவசரப்படாமல் கேட்கும்படி கடையில் இருப்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன். எழாத மிஷினை வீட்டில் யாராவது தொட்டார்களா என்று கேட்க வேண்டியிருந்தால், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நல்லமுத்து அந்தப் பங்குனியைத் தாண்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது தையில், கல்யாண மண்டபத்தில். பாவாயம்மா கடைக்கே வந்து பத்திரிகை வைத்திருந்தார். பாய்க்கு வர முடியவில்லை. நான் மட்டும் போனேன்.

வாசலில் நல்லமுத்துவை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கழுத்துத் துணிக்கு மேல் பட்டுத் துண்டு. கை கூப்பியபடியே இருந்தார். ஸ்பீக்கர் எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் கோகுல் நின்றான். வேட்டி அவிழ அவிழ ஒரு கையால் பிடித்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "வாங்க பெரிய மாமா, அப்பா வாங்கங்கறாரு. வாங்கத்தை, அப்பா வாங்கங்கறாரு. வாங்க மச்சான்." விடியலிலிருந்தே நிற்கிறான் போல, குரல் கட்டிப்போய்ப் பாதிச் சொல் காற்றாக வந்தது. ஒவ்வொரு பேருக்கும் அவனுக்குப் பின்னால் நல்லமுத்து தலையை ஆட்டினார்.

நான் படியேறும்போது நல்லமுத்துவுக்கு இருமல் வந்துவிட்டது. பாவாயம்மா அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி, குனிந்து கழுத்துத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை. கோகுல் பார்த்தான். வாயைத் திறந்தவன் ஒரு கணம் நின்றான். திரும்பி அப்பாவின் முதுகைப் பார்த்தான்.

"வாங்கண்ணா" என்றான். "அப்பா வாங்கங்கறாரு."

"வந்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.